காலடி ஓசையும் அக்கம்பக்கத்து உயிர்களும்

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்: பேசாதே, மெல்ல நட. வேட்டைக்காரர்கள் காலத்திலிருந்தே வரும் பாடம் இது. காட்டில் இது பலிக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் லாரி ஹாரனும் ஒலிபெருக்கியும் குக்கர் விசிலும் ஓயாத ஒரு தெருவில், ஒருவர் மட்டும் ஓசைப்படாமல் நடந்து என்ன ஆகப்போகிறது? இத்தனை இரைச்சலுக்கு நடுவே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மைனா, நம் செருப்புச் சத்தத்துக்கா அஞ்சப்போகிறது?

நியாயமான கேள்விதான். விடை தேட விலங்குகளின் நடத்தை ஆய்வு, ஒலிச்சூழல் ஆய்வு, மனிதக் கவனத்தைப் பற்றிய உளவியல் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. படித்தால் ஒன்று தெளிவாகிறது. காட்டில் நம் அமைதி முதலில் விலங்கை மாற்றுகிறது. ஓட இருந்ததை நிற்க வைக்கிறது. குடியிருப்பில் இருக்கும் உயிரினம் ஏற்கெனவே நம்மோடு வாழப் பழகிவிட்டது. அங்கே அமைதி முதலில் நம்மைத்தான் மாற்றுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எங்கே மெல்ல நடப்பது, எங்கே நடக்காமல் நிற்பது, எங்கே வேண்டுமென்றே சத்தம் போட்டுக்கொண்டு போவது என்பதெல்லாம் விளங்கிவிடும்.

வாசலிலேயே தொடங்கிய இயல்

உயிரினங்களைக் கவனிக்க வனத்துக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் பிந்தி வந்தது. இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூரின் பாதிரியார் கில்பர்ட் வைட், தம் ஊர் எல்லைக்குள் கண்டதை எழுதிய கடிதங்கள் 1789இல் நூலாக வந்தன. தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் மூன்று சிறு கதிர்க்குருவி இனங்களை அவர் குரலை வைத்துப் பிரித்தறிந்தார். துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, கையில் வைத்து அடையாளம் காண்பதே வழக்கமாக இருந்த காலம் அது.

இந்தியாவில் இ. எச். எய்ட்கன் 1883இல் வெளியிட்ட நூல் பம்பாய் மாகாணத்து பங்களா ஒன்றைச் சுற்றி வாழ்ந்த எலி, பல்லி, காக்கை, எறும்பு, தவளை ஆகியவற்றைப் பற்றியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அதே ஆண்டில் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சென்னையில் மா. கிருஷ்ணன், மயிலாப்பூர் வீட்டில் இருந்துகொண்டு 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழுக்கு இயற்கைப் பத்தி எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு அணிலையும் காக்கையையும் தெருவோர ஆட்டையும் எழுதினார். தமிழிலும் எழுதினார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அரிய விலங்கு கிடைத்த வாய்ப்பு அல்ல. ஒரே இடத்தில் ஓடாமல் இருந்த வழக்கம். நம் ஊர்களிலும் பார்க்கக்கூடியவற்றுக்குப் பஞ்சமில்லை. சென்னையின் நடுவே கிண்டித் தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர் பரப்பில் புள்ளிமானோடும் வெளிமானோடும் இருக்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கெல்லாம் போகாவிட்டாலும் சாதாரணத் தெருவொன்றில் கீரியும் ஓணானும் அரணையும் மூஞ்சூறும் உண்டு. ஓட்டு வீடும் பழைய மரமும் இருந்தால் மரநாயும் புள்ளி ஆந்தையும் இருக்க வாய்ப்புண்டு. தென்னை இருந்தால் பனங்காடை பறக்கும். வேம்பு இருந்தால் வல்லூறு வந்து உட்காரும்.

அவை நம்மை எடைபோடும் விதம்

ஒரு பறவையை நோக்கி நடந்தால், ஒரு கட்டத்தில் அது எழுந்து பறந்துவிடும். அந்த நொடியில் நமக்கும் அதற்கும் இருந்த இடைவெளியை ஆய்வாளர்கள் காலடிகளால் அளக்கிறார்கள். விலங்குகளின் அச்சத்தை அளக்க இதைவிட எளிய கருவி கிடையாது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான இனங்களில் இப்படி அளந்திருக்கிறார்கள்.

இந்த அளவுகளுக்கு அடிப்படையான விளக்கத்தை யீடன்பெர்க், டில் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்தார்கள். நம்மைப் பார்த்த உடனே விலங்கு ஓடுவதில்லை. பெரும்பாலும் நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிடுகிறது. பிறகு அது ஒரு வரவு செலவுக் கணக்குப் போடுகிறது. இருந்தால் உயிருக்கு ஆபத்து. ஓடினால் தின்றுகொண்டிருக்கும் புழு போய்விடும், கூடு வெளிப்பட்டுவிடும், உடம்பின் ஆற்றலும் வீணாகும். இருப்பதன் விலை ஓடுவதன் விலையைத் தாண்டும்போதுதான் அது கிளம்புகிறது. இதை ஏற்றால், மெல்ல நடப்பது என்பது நம்மை மறைத்துக்கொள்ளும் வித்தை என்று சொல்ல முடியாது. நாம் மறைவதே இல்லை. அதன் கணக்கில் நம் பேரில் விழும் ஆபத்துத் தொகையைக் குறைக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தத் தொகையை ஏற்றுபவை எவை? வேகமாக அணுகினால் விலங்கு முன்னதாகவே ஓடுகிறது. நேராக அதை நோக்கி வந்தால், பக்கவாட்டில் கடந்துபோகிறவரைவிட அதிகம் அஞ்சுகிறது. நடந்து வந்தவர் சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ விழித்துக்கொள்கிறது. பார்வையும் கணக்கில் உண்டு. மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை வைத்து 2008இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், தீனித் தட்டருகே இருந்த மனிதர் தட்டைப் பார்த்தபோது அவை தயங்கி வந்து குறைவாகத் தின்றன. அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பியபோது சீக்கிரமே வந்து நிறையத் தின்றன. தலையின் திசை மட்டுமல்ல, கண்ணின் திசையே அவற்றுக்குத் தெரிந்தது. பைனாகுலரைச் சட்டென்று தூக்கினால் பறவை எழுந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: இரண்டு பெரிய கண்கள் திடீரென அதன்மேல் நிலைக்கின்றன.

காக்கைக்கு நம் முகமே நினைவிருக்கும். சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் குகைமனிதன் முகமூடி அணிந்து சில காக்கைகளைப் பிடித்து விடுவித்தார்கள். பிறகு அந்த முகமூடியோடு வளாகத்தில் யார் நடந்தாலும் காக்கைகள் திட்டித் தீர்த்தன. பல ஆண்டுகள் கழித்தும், பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டு. முகமூடி இல்லாத அதே ஆய்வாளர்களை அவை கண்டுகொள்ளவில்லை. ஆகவே ஒரு தெருவில் ஒருவரின் நடை என்பது இன்றைய நடை மட்டுமல்ல. நேற்று கல்லெறிந்தாரா, போன மாதம் கூட்டைக் கலைத்தாரா என்பதும் அதில் சேரும்.

வேகம் விஷயத்தில் இன்னொன்று. மனிதக் கண் நொடிக்குச் சுமார் 60 மினுக்கல்களுக்கு மேல் பிரித்தறிய முடியாமல் தொடர் ஒளியாகவே காணும். சில சிறு பறவைகள் 130க்கும் மேல் பிரித்தறிகின்றன. ஈக்கள் 200ஐயும் தாண்டும். நமக்கு மின்னல் வேகமாகத் தெரியும் கையசைவு தட்டானுக்குச் சாவகாசமாக வரும் கை. அதனால்தான் பூச்சிகளை நெருங்க வேகம் உதவுவதே இல்லை. மிக மெதுவாக, நம் நிழல் அதன்மேல் விழாத பக்கமாகப் போனால் ஒரு ஜாண் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க முடியும்.

ஓசை எவ்வளவு பெரிய காரணம்?

சாலை இரைச்சல் பறவைகளை விரட்டுகிறதா, அல்லது சாலையின் வண்டி, புகை, வெளிச்சம் விரட்டுகிறதா என்று பிரித்துச் சொல்வது நெடுநாள் சிக்கலாக இருந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆய்வாளர்கள் சாலையே இல்லாத மலைச்சரிவு ஒன்றில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, வாகன இரைச்சலை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். வலசைப் பருவத்தில் அங்கு இறங்கிய பறவைகளின் எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்தது. 2013இல் வெளிவந்த இந்த ‘மாயச் சாலை’ ஆய்வு, வெறும் சத்தமே போதும் என்று காட்டியது. தங்கியிருக்கும் பறவைகளும் விலை கொடுக்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சலான தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவி இனமொன்று, வாகனங்களின் தாழ்ந்த உறுமலைத் தாண்டிக் கேட்கும்படி உயர்ந்த சுருதியில் பாடுவதாக 2003இல் கண்டறிந்தார்கள்.

மனிதக் குரல் இன்னும் கூர்மையான விஷயம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நீர்நிலைகளின் அருகே ஒலிபெருக்கிகளை மறைத்துவைத்து, சிங்கத்தின் உறுமல், நாய்க் குரைப்பு, துப்பாக்கிச் சத்தம், மனிதர்கள் சாதாரணமாக உரையாடும் குரல் எனப் பலவற்றை ஒலிக்கவிட்டார்கள். 2023இல் வந்த முடிவு: சிங்கத்தின் குரலைவிட மனிதப் பேச்சைக் கேட்டு விலங்குகள் ஓடும் வாய்ப்பு இரண்டு மடங்கு, நீரை விட்டு அகன்ற வேகமும் 40 விழுக்காடு கூடுதல். கத்தவில்லை, அதட்டவில்லை, பேசிக்கொண்டது மட்டும்தான். காட்டுக்குள் பேசாதே என்ற பாடத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் பேச்சைக் குறைத்தால் பலன் உண்டா? கலிஃபோர்னியாவின் மியூர் வுட்ஸ் செம்மரக் காட்டில் ஒரு பகுதியில் ‘அமைதிப் பகுதி’ என்று பலகை வைத்துப் பார்த்தார்கள். தடையோ அபராதமோ இல்லை, பலகை மட்டும். பார்வையாளர்களின் சத்தம் சுமார் 3 டெசிபல் இறங்கியது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஒலியாற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். பின்னர் நடந்த ஆய்வில், பலகை இருந்த நாட்களில் பறவைகளும் கூடுதலாகத் தெரிந்தன.

ஊருக்குள் கணக்கு வேறு

ஓசை பற்றி மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை காட்டிலும் காட்டோரத்திலும் நடந்தவை. நகரத்துக்கு வந்தால் எண்கள் மாறுகின்றன. ஒரே இனத்தின் நகரப் பறவைகளும் கிராமப்புறப் பறவைகளும் ஒப்பிடப்பட்ட ஆய்வுகளில், நகரத்தவை மனிதரை மிக நெருங்கவிட்ட பிறகே பறந்தன. இது பழக்கம் மட்டும்தானா என்றால் இல்லை. அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா நகரில் வளை ஆந்தைகளைத் தனித்தனியே அடையாளமிட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்கள், ஒவ்வோர் ஆந்தையும் தனக்கென ஓர் இடைவெளியை வைத்திருந்து அதைப் பெரிதாக மாற்றிக்கொள்ளாததைக் கண்டார்கள். பயந்த சுபாவம் உள்ளவை வெளியூரிலேயே நின்றுவிட, துணிச்சலானவை நகரத்துக்குள் குடியேறியிருக்கின்றன. நம் தெருவில் இருப்பவை ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவை.

சலித்தெடுக்கப்படாதவையும் ஊருக்குள் உண்டு. அவை நேரத்தை மாற்றிக்கொண்டன. உலகெங்கும் நடந்த 76 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018இல் வெளியான கட்டுரை, 62 பாலூட்டி இனங்கள் மனித நடமாட்டம் மிகுந்த இடங்களில் சராசரியாக 1.36 மடங்கு கூடுதலாக இரவுக்கு நகர்ந்திருப்பதைக் காட்டியது. மகாராஷ்டிரத்தின் அகோலே பள்ளத்தாக்கில் வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் தானியங்கிக் கேமராக்கள் வைத்துப் பார்த்தபோது, கரும்புத் தோட்டமும் குடியிருப்புமான நிலத்தில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் வீதம் வாழ்வது தெரிந்தது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் மனிதர்கள் வாழும் இடம் அது. பகலில் கரும்புக்குள் படுத்திருந்து, ஊர் அடங்கியதும் வீடுகளின் அருகே நடந்திருக்கின்றன.

ஆக, தெருவில் இருக்கும் உயிர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். காக்கை, மைனா, அணில் போன்றவை நம்மைச் சட்டை செய்வதில்லை. நாம் மெல்ல நடந்தாலும் வேகமாக நடந்தாலும் அங்கேதான் இருக்கும். மரநாய், வெண்கூகை போன்றவை நேரத்தால் நம்மிடமிருந்து விலகியவை. நடையைவிட எப்போது வெளியே வருகிறோம் என்பதே அங்கு முக்கியம். கீரி, செம்போத்து, ஓணான், தவளை போன்றவை நடுவே இருப்பவை. நம் நடை உடனடியாகப் பலன் தருவது இந்த மூன்றாம் வகையிடம்தான்.

சுவரோர முருங்கையில் ஓணான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் நடந்து வரும்போது அது ஓடுவதில்லை. தண்டின் மறுபக்கத்துக்கு நழுவுகிறது. நாம் சுற்றினால் அதுவும் சுற்றுகிறது. எப்போதும் நமக்கும் அதற்கும் நடுவே மரம் இருக்கும். நாம் நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தண்டின் விளிம்பில் முதலில் ஒரு கண் தெரிகிறது, பிறகு தாடை. பின் முன்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி ‘தண்டால்’ எடுக்கத் தொடங்குகிறது. இனப்பெருக்கக் காலத்து ஆணாக இருந்தால் தொண்டை சிவந்துவிடும். அந்த மரத்தை அன்றாடம் கடப்பவர்களில் பலர் அங்கே ஓணான் இருப்பதையே அறியமாட்டார்கள். தவளைகளும் இப்படித்தான். மழை நின்ற இரவில் காலி மனைக் குட்டையை நெருங்கினால் கச்சேரி சட்டென்று நின்றுவிடும்; தரையதிர்வு அவற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அசையாமல் சில நிமிடம் நின்றால் ஒன்று தொடங்கும், பிறகு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

நம் பக்கத்துக் கோளாறு

முதல் வகை உயிர்கள் நம்மைக் கண்டு ஓடுவதில்லை என்றால், அவற்றையும் நாம் ஏன் பார்ப்பதில்லை? இங்கே உளவியல் வருகிறது. பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு காணொளியைக் காட்டினால், பார்ப்பவர்களில் சுமார் பாதிப்பேர் அதன் நடுவே கொரில்லா வேடமிட்டவர் நடந்து போவதைக் கவனிப்பதில்லை. சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் 1999இல் வெளியிட்ட இந்தச் சோதனை புகழ்பெற்றது. தெருவுக்கு இன்னும் நெருக்கமானது மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு. ஒற்றைச்சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டு, கடந்துபோனவர்களைக் கேட்டார்கள். கைபேசியில் பேசிக்கொண்டு நடந்தவர்களில் கால்வாசிப்பேர்தான் கோமாளியைப் பார்த்திருந்தார்கள். தனியாக நடந்தவர்களில் பாதிப்பேர் பார்த்திருந்தார்கள். இருவராக நடந்தவர்கள் எல்லோரையும்விட அதிகம் பார்த்திருந்தார்கள்.

இந்தக் கடைசி முடிவு யோசிக்க வைக்கிறது. பேச்சே கவனத்துக்கு எதிரி என்றால் இருவராகப் போனவர்கள் தோற்றிருக்க வேண்டும். கவனத்தைக் கெடுப்பது வாய் அசைவதல்ல. மனம் வேறோர் இடத்தில் இருப்பது. பக்கத்தில் நடப்பவருக்கும் நமக்கும் தெரு பொதுவானது, ‘அங்கே பார்’ என்று அவர் கையைக் காட்டலாம். கைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு நம் தெரு தெரியாது. ஆகவே குழந்தையை அழைத்துக்கொண்டு மெதுவாக நடப்பது, வாய்பேசாமல் தனியாக வேகநடை போடுவதைவிட நல்ல கவனிப்பாக அமையலாம்.

நடப்பதற்கே ஒரு விலையுண்டு. செருப்பு, துணி உரசல், மூச்சு எல்லாம் நம் காதுக்கு அருகில்தான் எழுகின்றன. மெல்லிய குரல்களை அவையே முதலில் மூடுகின்றன. பறவைக் கணக்கெடுப்பில் நெடுங்காலமாகப் பயன்படும் முறைகளில் ஒன்று, குறித்த புள்ளியில் நின்று ஐந்து அல்லது பத்து நிமிடம் கண்டதையும் கேட்டதையும் பதிவது. வந்து நின்றதும் சிறிது நேரம் சூழல் அடங்கட்டும் என்று காத்திருந்து தொடங்குபவர்களும் உண்டு. மறுபுறம், வண்ணத்துப்பூச்சிக்கு நடைதான் வசதி. பிரிட்டனில் எர்னஸ்ட் போலார்ட் வகுத்த முறைப்படி, குறித்த பாதையில் ஒரே சீரான வேகத்தில் நடந்து தம் முன்னே சில மீட்டருக்குள் தெரிபவற்றை மட்டும் எண்ணுவார்கள். 1976இல் தொடங்கிய அந்நாட்டுக் கணக்கெடுப்பு இன்றும் இப்படித்தான் நடக்கிறது. நிற்பதோ நடப்பதோ, ஒழுங்கு ஒன்றாக இருந்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும். நம்மூர்ப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் பிப்ரவரியில் நடக்கும் உலகக் கணக்கெடுப்பிலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியலிடச் சொல்வதும் இதனால்தான். மொட்டைமாடியே போதும்.

நின்று கேட்பதன் பலனைக் குக்குறுவான் என்ற பறவை காட்டிவிடும். ‘டுக், டுக், டுக்’ என்று நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் ஒலிக்கும் அதன் குரலை ஏதோ பட்டறைச் சத்தம் என்று நினைத்துக் கடந்துபோகிறோம். நின்று தேடினாலும் உடனே அகப்படாது. தலையை இருபுறமும் திருப்பித் திருப்பி ஒலிப்பதால் குரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். அரசமரத்தின் உச்சியில் இலையில்லாத ஒரு குச்சியில் பச்சை உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அலகு திறக்கவே திறக்காது. ஒவ்வொரு ‘டுக்’குக்கும் தொண்டை மட்டும் உப்பி அடங்கும்.

தமிழ்நாட்டில் இந்த நிதானத்தைத் தொழிலாக வைத்திருந்தவர்கள் இருளர் பழங்குடியினர். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றபின், 1978இல் தொடங்கிய அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை உள்ளூரார் வண்டியில் சாலையோரமாகப் போய்த் தேடுவது வழக்கம். இவர்கள் இறங்கிப் புதருக்குள் மெல்ல நடந்து, எச்சத்தையும் தடத்தையும் படித்து, சில வாரங்களில் இருபதுக்கு மேல் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பிறர் கண்ணால் பார்த்தல்

நம் கண்ணும் காதும் எட்டாத இடத்துக்கு மற்ற உயிர்களின் புலன்கள் எட்டும். வட அமெரிக்காவின் சிக்கடி என்ற சிறு குருவி, எதிரி எவ்வளவு ஆபத்தானது என்பதை எச்சரிக்கைக் குரலின் இறுதியில் வரும் ‘டீ’ ஒலிகளின் எண்ணிக்கையால் தெரிவிப்பதாக 2005இல் கண்டறிந்தார்கள். வேறு இனப் பறவைகளும் அதை ஒட்டுக்கேட்டுப் பிழைக்கின்றன. நம் தெருவிலும் இந்தத் தகவல்தொடர்பு உண்டு. அணில் வாலை விதிர்த்துக்கொண்டு ஒரே இடத்திலிருந்து விடாமல் கீச்சிட்டால் கீழே பூனையோ பாம்போ கீரியோ இருக்கலாம். தவிட்டுக்குருவிக் கூட்டம் தரையில் மேயும்போது ஒன்று மேலே காவல் இருக்கும். அது குரல் கொடுத்ததும் அத்தனையும் புதருக்குள் பாயும். அப்போது வானத்தைப் பார்த்தால் வல்லூறு தெரியக்கூடும். பட்டப்பகலில் சிறு பறவைகள் ஒரு மரப்பொந்தைச் சூழ்ந்து கத்தினால் உள்ளே புள்ளி ஆந்தை இருக்க இடமுண்டு.

இந்தச் செய்தியைப் படிக்க ஒரு நிபந்தனை இருக்கிறது: அலறலுக்குக் காரணம் நாமாக இருக்கக்கூடாது. நாமே தடதடவென்று நுழைந்தால் எல்லா எச்சரிக்கையும் நம்மைப் பற்றியதாகவே இருக்கும். மெல்ல நடப்பதால் கிடைக்கும் பெரிய ஆதாயங்களில் இது ஒன்று.

ஊரடங்கு கொடுத்த சாட்சி

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் உலகமே வீட்டுக்குள் அடங்கியபோது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எதிர்பாராத சோதனைக்களம் கிடைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வெண்கொண்டைச் சிட்டுகள் முன்பைவிட மெதுவான குரலில் பாடின. ஆனாலும் அவற்றின் பாட்டு முன்பு எட்டிய தொலைவைப்போல் இரு மடங்குக்கும் அப்பால் எட்டியது. நகரின் இரைச்சல் 1950களின் அளவுக்கு இறங்கியிருந்தது. இந்தியாவில் 20 பெருநகரங்களின் பறவைப் பட்டியல்களை ஆராய்ந்தவர்கள், அதே பார்வையாளர்கள் ஊரடங்கின்போது 8 முதல் 17 விழுக்காடு கூடுதல் இனங்களைப் பதிந்ததாகக் கண்டார்கள். பறவைகள் உண்மையிலேயே உள்ளே வந்தனவா, இருந்தவை காதில் விழத் தொடங்கினவா, அல்லது மக்களுக்குப் பார்க்கப் பொழுது கிடைத்ததா என்று மூன்றையும் முற்றாகப் பிரிப்பது கடினம். ஆனால் அந்தச் சில வாரங்களில் ‘எங்கள் தெருவில் இவ்வளவு பறவையா?’ என்று வியந்தவர்களில் பலர் பார்த்தவை நெடுநாளாக அங்கேயே குடியிருந்தவை.

எங்கே மெல்ல நடக்கக்கூடாது

எல்லா இடத்துக்கும் ஒரே பாடம் ஆகாது. கோத்தகிரி, கூடலூர், வால்பாறைப் பக்கத்துக் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்து உயிரினம் என்றால் கரடியும் காட்டுமாடும் யானையும் சிறுத்தையும்தான். கரடி புற்றைத் தோண்டும்போது தன்னை மறந்திருக்கும். அருகில் திடீரென ஆளைக் கண்டால் ஓடுவதைவிடத் தாக்கவே செய்யும். அங்கே ஓசையில்லாமல் நடப்பது திறமை அல்ல, ஆபத்து. பேசிக்கொண்டே போவதுதான் இரு தரப்புக்கும் நல்லது. வால்பாறையில் யானை இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உயிர்களைக் காத்திருக்கிறது. யானையும் மனிதரும் ஒருவரையொருவர் அறியாமல் எதிர்ப்படுவதைத் தவிர்ப்பதே அதன் முழு நோக்கம்.

சமவெளியில் அதே எச்சரிக்கை இரவுக்கும் பாம்புக்கும் பொருந்தும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பாம்பு தரையதிர்வை உணரும் என்பதால் காலைத் தட்டி நடந்தால் போதும் என்று நம்புகிறோம். சாரையும் நல்லபாம்பும் பெரும்பாலும் விலகிவிடும். ஆனால் கண்ணாடி விரியன் அப்படியே சுருண்டு கிடந்துவிடும். கட்டுவிரியன் இரவில்தான் வெளியே வரும். இருட்டில் தவளை கேட்கப் போகிறவருக்கு டார்ச்சும் மூடிய காலணியும் மெல்லடியைவிட முக்கியம்.

இன்னொரு எல்லை நம் ஆர்வத்துக்கானது. ஓசையில்லாமல் நெருங்கத் தெரிந்தவர் கூட்டுக்கும் நெருங்கிவிடலாம். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, இனப்பெருக்கக் காலத்து ஆண்பறவையை இல்லாத போட்டியாளனோடு சண்டைக்கு அனுப்புவதாகும். நாயைக் கூட்டிப் போவதும் கணக்கில் வரும். சிட்னியைச் சுற்றிய காட்டுப் பாதைகளில் கயிற்றில் கட்டிய நாயோடு ஆட்களை நடக்கவிட்ட ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. நாய் போன பாதைகளில் பறவை இனங்கள் 35 விழுக்காடும், பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்தன. நாய் இல்லாமல் ஆள் மட்டும் நடந்தபோது பாதிப்பு அதைவிடக் குறைவு.

ஊரே அமைதி காத்தால்

இதுவரை சொன்னவை தனி மனிதர் செய்யக்கூடியவை. ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், பத்து நிமிடம் நிற்பது. நேராகப் போகாமல் சாய்வாகப் போவது. உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பது. கைபேசியைப் பையில் வைப்பது. நகரத்தில் இவற்றால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு நம் கவனம் கூடுவதால் வருவது. விலங்கின் அச்சம் குறைவதால் வருவது கொஞ்சம்தான்.

விலங்கின் பக்கத்துக் கணக்கை உண்மையிலேயே மாற்ற ஊர் கூட வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்காக. வனத்துறையினர் இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வது அங்கே வழக்கம். அதே மாவட்டத்தில் பொத்தக்குடி ஊரார் 2020இல் தெருவிளக்கு மின்பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டதைக் கண்டு, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே இல்லாமல் இருந்தார்கள். இரண்டு ஊரும் விலங்கியல் படித்து முடிவெடுக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார்கள்.

நகரத்துக்கும் இதைச் சொல்லலாம். நம் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே அமைதிப் பகுதி என்ற கருத்தைத் தந்துவிட்டன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்பது வரம்பு. ஏரிகளைச் சீரமைத்து நடைபாதை போடும் இந்தக் காலத்தில், கரையில் பாட்டு ஒலிபெருக்கி தேவையா, விளக்குகள் எத்தனை மணிக்கு அணைய வேண்டும், நாணலை எந்த மாதத்தில் வெட்டக்கூடாது என்பவை குடியிருப்போர் சங்கத்தில் பேசித் தீர்க்கக்கூடிய விஷயங்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து, ‘தென்மேற்கு மூலையில் தாழைக்கோழி குஞ்சு பொரித்திருக்கிறது, அங்கே விளக்குக் கம்பம் வேண்டாம்’ என்று இடம் சுட்டிச் சொல்ல ஒருவர் வேண்டும். பத்து நிமிடம் ஓசையில்லாமல் நின்று பழகியவரால்தான் அதைச் சொல்ல முடியும்.